கொள்ளைநோயின் நாட்களில் கைவிடாத கரங்கள்

மனிதன் நகரங்களை அமைத்து நெருங்கி வாழத் தொடங்கிய நாளிலிருந்தே தொற்றுநோயும் அவனுடைய அயலவனாகிவிட்டது. படையெடுத்து வந்த பகைவனை மதில்கள் தடுத்தன. பஞ்சத்தைக் களஞ்சியங்கள் ஓரளவு தடுத்தன. ஆயின் கண்ணுக்குத் தெரியாமல் வாசலைக் கடந்து வந்த நோயைத் தடுப்பதற்குப் பண்டைய உலகத்திடம் எதுவும் இருக்கவில்லை. கிருமி என்ற ஒன்று உண்டென்பதையே அன்றைய மக்கள் அறிந்திருக்கவில்லை. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகின்றது என வைத்தியர்கள் எண்ணினர். தெய்வங்களின் சினமே காரணம் எனப் பொதுமக்கள் நம்பினர். பிளேக் நோயின் கிருமியை 1894 ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறியும்வரை, அந்நோயின் உண்மையான காரணம் மனித அறிவுக்கு எட்டாததாகவே இருந்தது.

நோய் எங்கிருந்து வந்தது என்பதை அறியாத அம்மக்கள் முன்பாக இன்னொரு கேள்வி எழுந்து நின்றது. நோயாளியை என்ன செய்வது? அவனை விட்டு ஓடுவதா, அல்லது அவன் அருகில் இருப்பதா? இக்கேள்விக்குப் பண்டைய உலகம் அளித்த விடைகளையும், அவற்றின் நடுவே ஆதித் திருச்சபை அளித்த விடையையும் சற்றே சிந்திப்பது நமக்குப் பயன் தருவதாகும்.

ஏதென்ஸ் நகரின் துயரம்

கி.மு. 430 ஆம் ஆண்டு. கிரேக்க உலகின் அறிவுக்கும் கலைக்கும் தலைநகராக விளங்கிய ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. பகைவரின் படைக்கு அஞ்சிய நாட்டுப்புற மக்கள் அனைவரும் நகர மதில்களுக்குள்ளே வந்து தஞ்சமடைந்திருந்தனர். வீடின்றிக் குடிசைகளிலும் கோயில் வளவுகளிலும் நெருக்கமாகத் தங்கியிருந்த அம்மக்களிடையே, கோடைகாலத்தில் கொடிய நோயொன்று பரவியது. அது முதலில் பிரேயஸ் துறைமுகத்தில் தோன்றியது. கப்பல்கள் தானியத்தைக் கொண்டுவரும் வழியே நோயையும் கொண்டுவந்தன.

வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அந்நோயால் தாமே பீடிக்கப்பட்டுப் பிழைத்தவர். தலையில் கடுஞ்சூடு, சிவந்த கண்கள், புண்பட்ட தொண்டை, இருமல், வாந்தி, உடலெங்கும் கொப்புளங்கள், தணியாத தாகம் என நோயின் குறிகளை ஒவ்வொன்றாக அவர் எழுதிவைத்துள்ளார். தாகம் தாங்காது நீர்த்தொட்டிகளில் குதித்தவர்களும் உண்டு. நோயாளிகளை அதிகமாக அணுகியதால் வைத்தியர்களே அதிகமாக மாண்டனர். மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு நண்பரைப் பார்க்கச் சென்றோர் மடிந்தனர். அச்சத்தால் எவரும் செல்லாத வீடுகளோ ஆளின்றி வெறுமையாகின. இறந்தோரை முறைப்படி அடக்கம் செய்யும் வழக்கமும் குலைந்தது; பிறர் அடுக்கிய சிதையில் தம் உறவினரின் உடலை வைத்துவிட்டு ஓடினர். நாளை உண்டோ இல்லையோ என்ற நிலையில் சட்டத்திற்கும் தெய்வத்திற்கும் அஞ்சுவோர் அரிதாயினர். நகரின் பெருந்தலைவர் பெரிக்கிளீஸ் 429 ஆம் ஆண்டில் மரணமடைந்தார். படைவீரர்களில் மாத்திரம் 4,400 காலாட்களும் 300 குதிரை வீரர்களும் அந்நோயால் மடிந்தனர் எனத் தூசிடிடீஸ் கணக்குத் தருகின்றார்.

அவர் குறித்துள்ள இரண்டு செய்திகளை நாம் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, நோய் தொடங்கியவுடன் பிரேயஸ் மக்கள், பகைவர்கள் தங்கள் நீர்த்தொட்டிகளில் நஞ்சு கலந்துவிட்டனர் என்று பேசிக்கொண்டனர். காரணம் தெரியாத துன்பத்திற்கு யாரையாவது குற்றவாளியாக்கும் பழக்கம் அன்றே இருந்தது. இரண்டாவது, நோயுற்றுப் பிழைத்தவர்களே நோயாளிகள் மீது அதிக இரக்கம் காட்டினர். அவர்களுக்கு நோயின் வேதனை தெரிந்திருந்தது. ஒருமுறை வந்தவரை அந்நோய் மீண்டும் கொல்வதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நோயெதிர்ப்பு ஆற்றல் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

உரோமைப் பேரரசை உலுக்கிய நோய்

ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கிறிஸ்தவம் பரவத் தொடங்கியிருந்த உரோமைப் பேரரசிலும் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. கி.பி. 165 ஆம் ஆண்டளவில் கிழக்கே பார்த்தியருடன் போரிட்டுத் திரும்பிய படைவீரர்களோடு ஒரு தொற்றுநோய் மேற்கு நோக்கி வந்தது. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸின் குடும்பப் பெயரையொட்டி வரலாறு அதனை அந்தோனைன் கொள்ளைநோய் என அழைக்கின்றது. உரோமையர் அமைத்த சிறந்த வீதிகளும், மத்தியதரைக் கடலில் தடையின்றி ஓடிய கப்பல்களும் நோய்க்கும் பாதையாயின. உடலெங்கும் அரும்பிக் கருமையாகிப் பின் உதிர்ந்த கொப்புளங்களை அக்காலத்தின் தலைசிறந்த வைத்தியராகிய காலென் விவரித்துள்ளார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு, அது நம் முன்னோர் வைசூரி என்றழைத்த பெரியம்மையாகவோ அதன் இனத்தைச் சேர்ந்த நோயாகவோ இருந்திருக்கலாம் எனப் பல அறிஞர்கள் கருதுகின்றனர்.

நோய் தலைகாட்டிய வேளையில் காலென் உரோமை நகரைவிட்டுத் தம் ஊருக்குப் புறப்பட்டார். பின்னர் பேரரசரின் அழைப்பை ஏற்றே திரும்பி வந்தார். அவரை நாம் இகழத் தேவையில்லை. அந்நோய்க்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை. நோயைக் கண்டால் விரைவாகப் புறப்படு, தொலைவாகச் செல், தாமதமாகத் திரும்பி வா என்பதே நெடுங்காலமாக வைத்தியர்கள் கூறிவந்த அறிவுரை. ஓடுவதற்கு வண்டியும், போய்த் தங்குவதற்கு வேறு வீடும் உள்ளவர்களுக்கு அது பயன்பட்டது. ஏழையும் அடிமையும் எங்கே ஓடுவர்? 189 ஆம் ஆண்டில் நோய் மீண்டும் எழுந்தபோது, உரோமை நகரில் ஒரே நாளில் இரண்டாயிரம் பேர்வரை மடிந்ததாக அக்காலத்தில் வாழ்ந்த காசியுஸ் தியோ எழுதியுள்ளார்.

திருவிவிலியம் காட்டும் வழி

தொற்றுநோயைப் பற்றி இஸ்ரயேல் மக்களும் அறிந்திருந்தனர். தோல் நோயுற்றவரைக் குரு பார்வையிட்டு, ஏழு நாட்கள் தனித்திருக்கச் செய்து, மீண்டும் பார்வையிட வேண்டும் என்ற ஒழுங்கை லேவியர் நூலின் 13 ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். இது வழிபாட்டுத் தூய்மை பற்றிய சட்டம். எனினும் தனிமைப்படுத்தல் என இன்று நாம் கூறும் முறையை அது நமக்கு நினைவூட்டுகின்றது. தனித்திருத்தல் ஒரு சமூகத்தின் பாதுகாப்பாக அமையலாம். ஆயின் காலப்போக்கில் பாதுகாப்பு புறக்கணிப்பாக மாறியது. பாளையத்திற்கு வெளியே இருந்த மனிதன் மக்களின் மனத்திற்கும் வெளியே தள்ளப்பட்டான். அவனுடைய நோய் அவனுடைய பாவத்தின் கூலி என்ற தீர்ப்பும் அவன்மீது சுமத்தப்பட்டது.

ஆண்டவர் இயேசு இந்த இரண்டையும் எதிர்கொண்டார். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளி ஒருவர் அவர்முன் முழந்தாளிடுகின்றார். ஒரு சொல்லால் குணமாக்கும் வல்லமை உள்ளவர், அதற்கு முன்னர் கையை நீட்டி அவரைத் தொடுகின்றார். எத்தனையோ காலமாக எவரும் தொட்டிராத உடல் அது. அதன்பின்பு, குருவிடம் சென்று தன்னைக் காட்டும்படி அவரை அனுப்புகின்றார். சட்டத்தின் ஒழுங்கை அவர் புறந்தள்ளவில்லை. சட்டத்தின் பெயரால் ஒரு மனிதன் மறக்கப்படுவதையே ஏற்க மறுத்தார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் எனச் சீடர்கள் வினவியபோது, அவருடைய பாவமுமன்று பெற்றோரின் பாவமுமன்று என யோவான் நற்செய்தியில் தெளிவுபடுத்தினார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்பதையும் லூக்கா நற்செய்தியில் அவரே கூறியுள்ளார். நோயுற்றோரைச் சந்திப்பது தம்மையே சந்திப்பதாகும் என்ற அவருடைய போதனை, மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் மிக உறுதியாக ஒலிக்கின்றது.

இப்போதனை வெறும் சொல்லாக இருந்ததா, வாழ்வாக மாறியதா என்பதைச் சோதிக்கும் காலம் மூன்றாம் நூற்றாண்டில் வந்தது.

கார்த்தேஜ் நகரின் ஆயர்

இன்றைய துனீசியாவின் கரையில் அமைந்திருந்த கார்த்தேஜ், வட ஆபிரிக்காவின் பெருநகரம். அதன் ஆயராக விளங்கியவர் புனித சிப்ரியான். செல்வக் குடும்பத்தில் பிறந்து, பேச்சுக்கலை ஆசிரியராகப் புகழ்பெற்று, நடுவயதில் கிறிஸ்தவரானவர். திருமுழுக்குப் பெற்ற சில ஆண்டுகளிலேயே, 248 அல்லது 249 ஆம் ஆண்டில், மக்கள் அவரை ஆயராகத் தெரிந்துகொண்டனர். 250 ஆம் ஆண்டில் பேரரசர் தேசியுஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, சிப்ரியான் மறைவிடம் சென்று அங்கிருந்து கடிதங்கள் மூலம் தம் மந்தையை நடத்தினார். ஆயர் ஓடிவிட்டார் என அந்நாளில் அவரைக் குறைகூறியோரும் இருந்தனர். 251 ஆம் ஆண்டில் அவர் நகருக்குத் திரும்பினார். மறு ஆண்டில் கொள்ளைநோய் கார்த்தேஜை வந்தடைந்தது.

இந்நோய் 249 ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பேரரசின் பல பகுதிகளிலும் பல ஆண்டுகள் நீடித்தது. இளம் பேரரசர் ஹொஸ்தீலியன் 251 ஆம் ஆண்டில் இதனாலேயே இறந்ததாகக் கூறப்படுகின்றது. ஓயாத வயிற்றோட்டம், தொண்டைப் புண், தொடர்ந்த வாந்தி, இரத்தம் பாய்ந்த கண்கள், அழுகிப்போகும் கைகால்கள், செவியும் பார்வையும் இழந்துபோதல் என அதன் கொடுமையைச் சிப்ரியானே எழுதியுள்ளமையால், வரலாற்றாசிரியர்கள் அதற்குச் சிப்ரியானின் கொள்ளைநோய் என்றே பெயரிட்டனர்.

ஆயரின் திருத்தொண்டராகிய பொந்தியுஸ் அந்நாட்களின் நிலையைப் பதிவு செய்துள்ளார். மக்கள் தம் சொந்த உறவினரையே வெளியே தள்ளினர். நோயாளியை வெளியேற்றிவிட்டால் மரணத்தையும் வெளியேற்றிவிடலாம் என்பதுபோல நடந்துகொண்டனர். வீதிகளிலே பிணங்கள் கிடந்தன. அப்போது சிப்ரியான் தம் மக்களை ஒன்றுகூட்டினார். நம்மவரை மாத்திரம் நாம் பராமரித்தால் அதில் பெருமை என்ன என வினவினார். வான்தந்தை நல்லோர்மேலும் தீயோர்மேலும் கதிரவனை எழச் செய்கின்றார். அவருடைய பிள்ளைகள் எனத் தம்மை அழைப்போர் பகைவருக்கும் நன்மை செய்யக் கடமைப்பட்டவர்கள் என எடுத்துரைத்தார்.

யார் அந்தப் பகைவர்? நகரின் விளையாட்டரங்கில் கூடி, சிப்ரியானைச் சிங்கத்திற்கு இரையாக்குங்கள் எனக் கூச்சலிட்ட அதே மக்கள். துன்புறுத்தலின்போது கிறிஸ்தவர்களைக் காட்டிக்கொடுத்த அதே அயலவர்கள். அவர்களுடைய வாசலுக்கே தம் மக்களை அவர் அனுப்பினார். பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. பணமுள்ளோர் பணம் கொடுத்தனர். வறியோர் பணத்தினும் மேலான தம் உழைப்பைக் கொடுத்தனர் எனப் பொந்தியுஸ் எழுதுகின்றார்.

விசுவாசிகளின் கேள்வி

அந்நாளைய கிறிஸ்தவர்கள் அனைவரும் அஞ்சா நெஞ்சினர் என நாம் எண்ணிவிடக் கூடாது. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. பலருடைய உள்ளத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. நாம் உண்மையான இறைவனை வழிபடுகின்றோம். அவ்வாறிருக்க, சிலைகளை வணங்குவோர் இறப்பதுபோலவே நாமும் இந்நோயால் இறப்பது ஏன்? இன்று நோயுற்ற தம் பிள்ளையின் படுக்கையருகே செபமாலையுடன் அமர்ந்திருக்கும் ஒரு தாயின் கேள்வியும் இதுவே அல்லவா?

இக்கேள்விக்கு விடையாகச் சிப்ரியான் எழுதிய மடலே ‘மரணத்தைக் குறித்து’ என்ற சிறு நூல். அவர் மழுப்பவில்லை. விசுவசிப்பவனுக்கு நோய் வராது என்ற பொய்யான வாக்குறுதியையும் கொடுக்கவில்லை. இவ்வுலகில் இருக்கும்வரை உடலால் நாம் எல்லா மனிதரோடும் ஒன்றாகவே இருக்கின்றோம் என்றார். மழை பொய்த்தால் அனைவருடைய வயலும் காய்கின்றது. கப்பல் பாறையில் மோதினால் அதில் உள்ள அனைவருமே கடலில் வீழ்கின்றனர். அவ்வாறே நோயும். பிறப்பிலும் பசியிலும் வலியிலும் மரணத்திலும் மனிதரோடு பங்குகொண்ட ஒரு மீட்பரைப் பின்பற்றுவோர், அந்தப் பங்கிலிருந்து விலக்குக் கேட்பது பொருத்தமாகுமா?

இந்த நோய் எல்லோருடைய உள்ளத்தையும் சோதித்துப் பார்க்கின்றது எனவும் அவர் விளக்கினார். நலமாயுள்ளோர் நோயுற்றோருக்குப் பணிபுரிகின்றனரா, உறவினர் உறவினரை அன்பு செய்கின்றனரா, தலைவர்கள் தம் பணியாளர்மேல் இரங்குகின்றனரா, வைத்தியர்கள் நோயாளியைக் கைவிடாதிருக்கின்றனரா என்பதை அது வெளிப்படுத்துகின்றது. இறந்துபோன நம்மவர்கள் இழக்கப்பட்டவர்கள் அல்லர். நமக்கு முன்னே அனுப்பப்பட்டவர்கள் எனத் துயருற்ற குடும்பங்களுக்கு ஆறுதல் கூறினார்.

பழி சுமத்தும் பழக்கம்

பிரேயஸ் துறைமுகத்தில் எழுந்த பழிச்சொல் கார்த்தேஜிலும் எழுந்தது. இம்முறை குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் நம் தெய்வங்களை வணங்குவதில்லை. ஆகையாற்றான் போரும் பஞ்சமும் நோயும் வருகின்றன எனப் பேசப்பட்டது. தெமெத்திரியானுஸ் என்பவருக்கு எழுதிய பதிலில் சிப்ரியான் அப்பழியை மறுத்தார். நோயைக் குறித்துக் கிறிஸ்தவரைக் குற்றஞ்சாட்டும் நீங்கள் நோயாளிக்கு என்ன செய்தீர்கள் எனத் திருப்பிக் கேட்டார். நலிந்தோர்மீது இரக்கமில்லை, இறந்தோரின் சொத்தின்மீது மாத்திரம் பேராசை உண்டு என இடித்துரைத்தார்.

ஆயினும் கிறிஸ்தவர்களின் முக்கியமான பதில் எழுத்தில் அன்று, செயலிலேயே இருந்தது. தம்மைப் பழித்தவர்களின் வீட்டிற்கு அவர்கள் உணவும் நீரும் கொண்டு சென்றனர். 258 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள், பேரரசர் வலேரியனின் காலத்தில், சிப்ரியான் வாளுக்கு இரையாகி மறைசாட்சியானார். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் அவருடைய பெயர் நினைவுகூரப்படுகின்றது.

அலெக்சாந்திரியாவின் மறைசாட்சிகள்

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அதே நோய் மேலும் கொடுமையாக இருந்தது. துன்புறுத்தலும் உள்நாட்டுக் கலவரமும் ஓய்ந்ததன் பின்னர் நோய் வந்தது. அந்நகரின் ஆயர் புனித தியோனீசியு எழுதிய பாஸ்காக் கடிதத்தை, திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு தம் நூலின் ஏழாம் பகுதியில் பாதுகாத்துத் தந்துள்ளார்.

இறப்பு நிகழாத வீடே இல்லை என அக்கடிதம் கூறுகின்றது. குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுநிலையினரும் தம் உயிரைப் பொருட்படுத்தாது நோயாளிகளைத் தழுவிப் பராமரித்தனர். பிறரைக் குணமாக்கித் தாம் அந்நோயை ஏற்று மடிந்தோர் பலர். இறந்த விசுவாசிகளின் கண்களை மூடி, உடலைக் கழுவி, தோளிலே சுமந்து சென்று அடக்கம் செய்தனர். சற்று நாளில் அதே பணியை வேறொருவர் அவர்களுக்குச் செய்தார். இத்தகைய மரணம் மறைசாட்சியத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று எனத் தியோனீசியு கருதினார். திருச்சபையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. பெயர் தெரியாத அம்மனிதர்களை உரோமை மறைசாட்சியர் பட்டியல் பெப்ரவரி 28 ஆம் நாளில் நினைவுகூருகின்றது. அவர்களை எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. எந்தச் சேவகனும் வாளை ஓங்கவில்லை. நோயாளியின் பாய்விரிப்பே அவர்களுக்குக் கொலைக்களமாயிற்று.

ஒரு குவளைத் தண்ணீர்

மருந்தே இல்லாத காலத்தில் அவர்களுடைய பணியால் என்ன பயன் விளைந்தது என ஒருவர் கேட்கலாம். காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் வாடும் மனிதன் பலவேளைகளில் நோயின் வலிமையால் மாத்திரம் இறப்பதில்லை. எழுந்து நீர் அருந்த இயலாமையாலும், உணவின்றி உடல் தளர்வதாலும் இறக்கின்றான். அருகிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரும் சிறிது கஞ்சியும் கொடுத்து, உடலைத் துடைத்துவிட ஒருவர் இருந்தால் பிழைக்கக்கூடியவர்கள் பலர் பிழைத்துக்கொள்வர். சமூகவியல் அறிஞர் ரொட்னி ஸ்டார்க் 1996 இல் வெளியிட்ட நூலில் இதனையே வலியுறுத்தினார். எளிய பராமரிப்பினால் கிறிஸ்தவர்களிடையே அதிகமானோர் உயிர் தப்பினர் எனவும், அவர்களால் காப்பாற்றப்பட்ட அயலவர்கள் பின்னர் திருச்சபையை நாடினர் எனவும் அவர் வாதிட்டார்.

கிறிஸ்தவத்தை வெறுத்தோரும் இதனைக் கண்டனர். நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்ற பேரரசர் யூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் தம் ஏழைகளை மட்டுமன்றி நம் ஏழைகளையும் பேணுகின்றனர் என்ற கருத்தில் மனம் வருந்தி எழுதினார். பகைவனிடமிருந்து கிடைத்த இச்சான்றுக்கு இணையான சான்று வேறு எது?

அந்த அன்பு காலப்போக்கில் நிறுவனமாகவும் வளர்ந்தது. செசரேயாவின் ஆயர் புனித பசிலியார் 370 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் பெரியதோர் இல்லத்தை அமைத்தார். அங்கு வைத்தியர்களும் தாதியரும் இருந்தனர். தொழுநோயாளருக்கும் இடம் இருந்தது. அவருடைய நண்பர் நசியான்சு நகர் புனித கிரகோரியார் அதனைப் புதியதொரு நகரம் எனப் புகழ்ந்தார். உரோமையில் பபியோலா என்ற செல்வச் சீமாட்டி 390 ஆம் ஆண்டளவில் ஒரு வைத்தியசாலையை நிறுவி, வீதியோரத்து நோயாளிகளைத் தம் கைகளாலேயே பராமரித்ததைப் புனித எரோணிமுஸ் எழுதிவைத்துள்ளார். நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிய உலகில், நோயாளிக்காகவே ஒரு வீடு கட்டப்பட்டது.

நம் முன்னோரின் பக்தியில்

பண்டைய உலகின் இந்த அச்சமும் நம்பிக்கையும் நம் வீட்டுச் செப மேடையிலும் தங்கியுள்ளன. கிரேக்கரின் பழங்கதையில் கொள்ளைநோய் அப்பொல்லோ எய்யும் அம்பாகக் கருதப்பட்டது; ஹோமரின் இலியட் காவியம் அக்காட்சியுடனேயே தொடங்குகின்றது. அம்புகளால் துளைக்கப்பட்டும் உயிர் பிழைத்தவராகப் போற்றப்படும் புனித செபஸ்தியாரை, நோயின் அம்பிலிருந்து காக்கும் பரிந்துரையாளராக மக்கள் பின்னாளில் நாடினர். 680 ஆம் ஆண்டில் இத்தாலியின் பவியா நகரில் அவருக்குப் பீடம் அமைக்கப்பட்டதும் கொள்ளைநோய் நீங்கியதாக வரலாற்றாசிரியர் தியாக்கோன் பவுல் குறிப்பிடுகின்றார். மன்னார் பேராலயம் முதலாக நம் நாட்டில் அவர் பெயரால் எழுந்த ஆலயங்களும், ஜனவரி 20 ஆம் நாளின் திருவிழாக்களும் அந்த நீண்ட பக்தி மரபின் கிளைகளே.

பரிந்துரையை வேண்டுவதோடு நில்லாமல், சிப்ரியானின் மக்கள் செய்ததையே கண்டியில் செய்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1697 ஆம் ஆண்டில் அந்நகரில் வைசூரி பரவி, நோயாளிகள் கைவிடப்பட்டபோது, சமய வேறுபாடு பாராது அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அந்தப் பணியைக் கண்ட மன்னன், நற்செய்திப் பணிக்கு அவருக்கு மேலும் சுதந்திரம் அளித்தான். 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிசும் தம் மறையுரையில் இந்நிகழ்வை நினைவுகூர்ந்தார்.

நமக்கு முன்னுள்ள கேள்வி

கொரோனா பரவிய 2020 ஆம் ஆண்டில் நம் தலைமுறையும் அதே சோதனையைச் சந்தித்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. புனித வாரத்தைக் குடும்பங்கள் வீட்டிலேயே கழித்தன. கிருமியைப் பற்றி அறிந்த நமக்கு, சிப்ரியானின் மக்கள் அறியாத ஒரு கடமை உண்டு. முகக்கவசம் அணிவதும், கைகளைக் கழுவுவதும், தேவையானபோது விலகி நிற்பதும், தடுப்பூசி பெற்றுக்கொள்வதும் இன்று அயலவன்மீதான அன்பின் வடிவங்களே. அறிவைப் புறக்கணிப்பது விசுவாசம் ஆகாது; பிறருடைய உயிரை ஆபத்துக்குள்ளாக்கும் துணிவு பக்தியும் ஆகாது.

எனினும் பழைய நோய்கள் இரண்டும் நம்மிடமும் தலைகாட்டின என்பதை மறைப்பதற்கில்லை. நோயைக் கொண்டுவந்தோர் இவர்களே எனச் சில சமூகங்களையும் சில தொழிலாளர்களையும் சுட்டிய விரல்கள் நம் நாட்டிலும் இருந்தன. ஏதென்சில் குலைந்த அடக்கச் சடங்கு நம் மண்ணிலும் குலைந்தது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதிவரை, கொரோனாவால் இறந்த எவரையும் புதைக்க அனுமதியின்றி, உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. தம் சமய மரபின்படி அடக்கம் செய்ய விரும்பிய முஸ்லிம் மக்களும் கிறிஸ்தவர் பலரும் அதனால் அடைந்த வேதனைக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இறந்தவரின் உடலைத் தோளிலே சுமந்த அலெக்சாந்திரியாவின் மக்களை நினைக்கும்போது, அந்நாட்களில் அயலவரின் கண்ணீரோடு நாம் எவ்வளவு தூரம் உடனிருந்தோம் என ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நலம்.

கொள்ளைநோய் இல்லாத நாட்களிலும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. காசநோய் உள்ளதென அறிந்ததும் உறவினர் வரவு நின்றுபோன வீடு நம் ஊரில் இல்லையா? தொழுநோய் மருந்தால் குணமான பின்னரும் திருமணப் பேச்சில் ஒதுக்கப்படும் பிள்ளை இல்லையா? எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானவரை ஆலய வாங்கில் தனித்து அமரவிடும் கண்கள் நம்மிடம் இல்லையா? இவர்களுக்கு மருந்து கொடுக்க வைத்தியசாலை உண்டு. வீட்டுக்குச் சென்று அருகே அமர்ந்து, அவர்கள் கையால் தரும் தேநீரை வாங்கி அருந்துவதற்கு நாம்தான் இருக்கின்றோம்.

தொலைவில் நிற்க வேண்டிய நாட்கள் மீண்டும் வரலாம். அப்போதும் வாசலில் ஒரு வேளை உணவை வைத்துவிட்டு வரலாம். தொலைபேசியில் பெயரைச் சொல்லி அழைக்கலாம். குடும்பச் செபத்தில் அவரை நினைக்கலாம். இந்த வாரத்தில், நம் பங்கில் நோயுற்றுத் தனித்திருக்கும் ஒருவரையேனும் தேடிச் செல்வோம். பெயரறியாத அலெக்சாந்திரியாவின் மறைசாட்சிகள் நமக்காகப் பரிந்துபேசுவார்களாக.